மெக்கானிக்கல் வால்வா, டிஷ்யூ வால்வா: கையெழுத்துப் போடும் முன் போட வேண்டிய கணக்கு

ஓபன் ஹார்ட் ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம் நான் வார்டுக்குப் போவேன். நோயாளியின் எடை, உயரம், ஹீமோகுளோபின் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். மறுநாள் இதய நுரையீரல் எந்திரத்தை ஓட்டப்போகும் பெர்ஃப்யூஷனிஸ்ட் நான். எவ்வளவு ரத்த ஓட்டம் தர வேண்டும், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் எவ்வளவு தேவைப்படும் என்பதெல்லாம் அந்த எண்களிலிருந்துதான் வரும். வேலை முடிந்து திரும்பும்போது பெரும்பாலும் வராண்டாவில் யாராவது ஒருவர் பின்னாலேயே வருவார். போன மாதம் வந்தவர் ஒரு அண்ணன். தங்கைக்கு 36 வயது, நூற்பாலையில் வேலை, இரண்டு பிள்ளைகள். சிறு வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சல், இதயத்தின் இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே இருக்கும் மிட்ரல் வால்வைச் சுருக்கிக் கெட்டியாக்கிவிட்டது.

"சார், டாக்டர் ரெண்டு வால்வைச் சொன்னாரு. ரெண்டையும் யோசிச்சு வைங்கன்னாரு. உங்க தங்கச்சியா இருந்தா எதைப் போடச் சொல்வீங்க?"

இந்தக் கேள்விக்கு நின்றபடியே ஐந்து நிமிடத்தில் பதில் சொல்ல முடியாது. அவரிடம் உட்கார்ந்து பேசியதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். கடைசி வார்த்தை உங்கள் சர்ஜனுடையது. ஆனால் அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போனால் அந்தப் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

முதலில் ஒன்று. வால்வை மாற்றித்தான் ஆக வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள். மிட்ரல் வால்வு சுருங்கியிருந்து, இதழ்கள் இன்னும் வளையும் நிலையில் இருந்தால் தொடை வழியாகக் குழாய் விட்டு பலூனால் விரித்தே பல வருடம் ஓட்டலாம். ஒழுகும் வால்வு என்றால் சில சமயம் தைத்துச் சரிசெய்யலாம். சொந்த வால்வை வைத்துக்கொள்ள வழி இருந்தால் அதற்கு ஈடாக எதையும் நான் சொல்ல மாட்டேன். இந்தத் தங்கைக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. கால்சியம் படிந்து, வால்வுக்குக் கீழே இருக்கும் நார்களும் ஒட்டிப்போயிருந்தன.

சரி, இப்போது இரண்டு வால்வுகள்.

மெக்கானிக்கல் வால்வு என்பது உலோகமும் கார்பனும் சேர்ந்த கதவு. இன்று அதிகம் போடுவது இரண்டு இதழ் கொண்ட வகை. முதல் இரட்டை இதழ் கார்பன் வால்வு 1977இல் ஒரு மனிதருக்குப் பொருத்தப்பட்டது. நம் பக்கத்தில் இன்னொன்றும் உண்டு: திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் டாக்டர் வலியத்தான் தலைமையில் உருவான சித்ரா வால்வு. முந்தைய மாதிரிகள் சோதனையில் தோற்று, மறுபடி மறுபடி மாற்றி, 1990 டிசம்பர் 6 அன்று முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். கோபால்ட் கலவை உலோகச் சட்டம், அதற்குள் சாய்ந்து திறக்கும் ஒற்றைத் தட்டு. அந்தத் தட்டு பாலிஎத்திலீன் என்பதால் மூடும் சத்தம் மெலிதாகக் கேட்கும். வெளிநாட்டு வால்வின் விலையைக் கொடுக்க முடியாமல் திரும்பிப் போயிருக்க வேண்டியவர்களில் லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு இது பொருத்தப்பட்டிருக்கிறது. நான் அதை மரியாதையோடுதான் கையில் எடுப்பேன்.

டிஷ்யூ வால்வு மாட்டின் இதய உறையிலிருந்தோ பன்றியின் வால்விலிருந்தோ செய்வது. குளுட்டரால்டிஹைடு என்ற ரசாயனத்தில் பதப்படுத்தி, சட்டத்தில் தைத்திருப்பார்கள். மாடு, பன்றி என்றதும் சில குடும்பங்கள் தயங்குவதுண்டு. அதை வெளிப்படையாகவே சர்ஜனிடம் சொல்லுங்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஆயுளைப் பார்த்தால் மெக்கானிக்கல் வால்வு தேய்ந்து போவது மிக அரிது. டிஷ்யூ வால்வு வயதானவர்களிடம் பொதுவாகப் பத்துப் பதினைந்து வருடமோ அதற்கு மேலோ உழைக்கும். இளம் உடம்பில் அதே வால்வு சீக்கிரமே சுண்ணாம்பு படிந்து விறைத்துவிடுகிறது. வயது குறையக் குறைய அதன் ஆயுளும் குறைகிறது. இவ்வளவுதான் என்றால் எல்லோரும் மெக்கானிக்கலே போட்டுக்கொள்ளலாம். சிக்கல் ரத்தத்தில் இருக்கிறது.

என் எந்திரத்தின் முன்னால் தினமும் பார்ப்பதை வைத்து இதைச் சொல்கிறேன். ரத்தம் தன் சொந்தக் குழாயின் உள்சுவரைத் தவிர வேறு எதைத் தொட்டாலும் உறையத் தொடங்கிவிடும். பிளாஸ்டிக் குழாய், ஆக்ஸிஜனேட்டர், உலோகம் எல்லாம் அதற்கு ஒன்றுதான். அதனால் பம்பில் போடும் முன் கிலோவுக்கு 300 முதல் 400 யூனிட் ஹெப்பாரின் ஏற்றுகிறோம். பிறகு 2 மில்லி ரத்தம் எடுத்துச் சிறு குப்பியில் விட்டுக் கருவியில் வைப்பேன். விநாடிகள் ஓடும். ஹெப்பாரினுக்கு முன்னால் சுமார் 120 விநாடியில் உறைந்த அதே ரத்தம், இப்போது 480ஐத் தாண்டியும் உறையாமல் இருந்தால்தான் சர்ஜனிடம் "போகலாம் சார்" என்பேன். அந்த எண் வரும்வரை தியேட்டரில் யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள். வேலை முடிந்ததும் புரோட்டமின் கொடுத்து ஹெப்பாரினை முறித்துவிடுகிறோம். சில மணி நேரக் காவல், அத்தோடு முடிந்தது.

மெக்கானிக்கல் வால்வு போட்டுக்கொண்டவர் இதே காவலை வீட்டில் ஆயுள் முழுக்கச் செய்ய வேண்டும். அதற்குத்தான் வார்ஃபரின் அல்லது அசெனோகூமரால் மாத்திரை. நம் ஊரில் பலருக்கும் அசெனோகூமரால் ‘ஆசிட்ரோம்’ என்ற பேரில்தான் தெரியும். மாத்திரை சரியாக வேலை செய்கிறதா என்று பார்ப்பது ஐ.என்.ஆர். டெஸ்ட். மாத்திரை எடுக்காதவருக்கு 1 அளவில் இருக்கும். அயோர்டிக், அதாவது இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் வெளியேறும் வாசலில் இருக்கும் இடத்தில் போட்ட மெக்கானிக்கல் வால்வுக்கு வேறு ஆபத்து இல்லையென்றால் 2.5ஐ ஒட்டியும், மிட்ரலுக்கு 3ஐ ஒட்டியும் வைக்கச் சொல்வது வழக்கம். உங்கள் இலக்கை உங்கள் டாக்டர் சொல்வார். இலக்குக்குக் கீழே போனால் வால்வில் ரத்தக் கட்டி, மேலே போனால் ரத்தக்கசிவு. டிஷ்யூ வால்வுக்கு இந்த மாத்திரை பொதுவாக முதல் மூன்று முதல் ஆறு மாதம்தான், பிறகு ஆஸ்பிரினோடு நிறுத்திவிடுவார்கள். இதயத் துடிப்பு ஒழுங்கில்லாமல் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருந்தால் மட்டும் கதை வேறு. டிஷ்யூ போட்டும் மாத்திரை தொடரும். மிட்ரல் வால்வு கெட்ட பலருக்கு இது இருக்கிறது. ஆகவே ‘மாத்திரை வேண்டாம்’ என்பதற்காகவே டிஷ்யூ கேட்பவர்கள், தங்களுக்கு அந்தச் சலுகை உண்மையில் கிடைக்குமா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மாத்திரையோடு வாழ்வது எப்படி இருக்கும்? முருங்கைக்கீரையை அடியோடு நிறுத்தச் சொல்லி ஊரே அறிவுரை சொல்லும். அவசியமில்லை. கீரையில் இருக்கும் வைட்டமின் கே மாத்திரையின் வேலையைக் குறைக்கும் என்பது உண்மைதான். வாரம் இரண்டு நாள் சாப்பிடுபவர் அதே இரண்டு நாளில் அதே அளவு சாப்பிட்டால் போதும், டோஸை அதற்கேற்ப வைத்துவிடலாம். ஒரு மாதம் விட்டுவிட்டு, உறவினர் வீட்டில் ஒரு வாரம் தினமும் சாப்பிடுவதுதான் ஆபத்து. அதைவிடப் பெரிய ஆபத்து மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் மாத்திரைகள். மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக், வயிற்றுக்கு மெட்ரோனிடசோல், படைக்கு ஃப்ளூகோனசோல் எல்லாமே ரத்தக்கசிவைக் கூட்டக்கூடியவை. காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் நேர்மாறு. ஐ.என்.ஆரைக் கீழே இழுத்துவிடும், அந்த மருந்தை முடிக்கும்போது மறுபடி ஏறும். பல் பிடுங்குவதென்றாலும் முதலில் வால்வு விஷயத்தைச் சொல்ல வேண்டும். ருமாட்டிக் நோயாளிகளுக்கு மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை இடுப்பில் போடும் பென்சிலின் ஊசி வேறு இருக்கிறது. வால்வு மாற்றியதும் அது முடிந்தது என்று நினைக்காதீர்கள். ஆனால் ஊசி போடுபவருக்கு நீங்கள் எந்த மாத்திரையில் இருக்கிறீர்கள் என்று தெரிந்திருக்க வேண்டும்.

இந்தக் காவல் தவறினால் என்ன ஆகும் என்பதை ராத்திரிப் பணியில் பார்த்திருக்கிறேன். மூச்சு வாங்கிக்கொண்டு ஒருவர் வருவார். "நாலு நாளா அந்த டிக் டிக் சத்தம் கேக்கல" என்று மனைவி சொல்வார். இதழில் கட்டி பிடித்து வால்வு பாதி திறந்தபடி நின்றுவிட்டது என்று அர்த்தம். மருந்தைக் கொண்டு கட்டியைக் கரைக்கலாம், அல்லது அவசரமாக மறு ஆபரேஷன். துருக்கியில் 158 பேரை வைத்து 2022இல் வெளிவந்த ஆய்வில், கட்டி கரைக்கும் மருந்தைக் குறைந்த அளவில் மிக மெதுவாக ஏற்றியபோது சுமார் 90 சதவீதம் பேருக்கு வால்வு மறுபடி வேலை செய்தது. மூன்று மாதத்தில் இறந்தவர்கள் அந்தப் பக்கம் 2.4 சதவீதம், ஆபரேஷன் பக்கம் 18.7 சதவீதம். குலுக்கிப் போட்டுப் பிரித்த ஆய்வு இல்லை என்பதால் அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் நல்ல செய்திதான்.

டிஷ்யூ வால்வின் விலை வேறு விதமாக வருகிறது. பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து மறுபடி நெஞ்சைத் திறக்க வேண்டும். முதல் ஆபரேஷனில் நெஞ்செலும்புக்கும் இதயத்துக்கும் நடுவே இடைவெளி இருக்கும். இரண்டாவதில் தழும்பு எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்திருக்கும். அன்று சர்ஜன் எலும்பை வெட்டுவதற்கு முன்பே, பல நேரம் தொடையிலுள்ள ரத்தக்குழாய்களைத் தயாராக எடுத்து வைத்துக்கொள்வார். ரம்பம் போகும்போது இதயம் கிழிந்தால் அந்த நொடியே நான் பம்பை ஓட்டியாக வேண்டும். ரம்பச் சத்தம் நிற்கும்வரை என் கை கிளாம்ப்பில் இருக்கும். பெரும்பாலும் நல்லபடியாகவே முடிகிறது. ஆனால் முதல் தடவை போல லேசான காரியம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். குழாய் வழியாகப் பழைய வால்வுக்குள்ளேயே புது வால்வை வைக்கும் முறை இப்போது இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, வயதானவர்களுக்குப் பெரிய வரம். நம் நாட்டில் அதன் செலவு பத்து லட்சத்துக்கு மேல் போகிறது. முதல் வால்வு சின்ன அளவாக இருந்தால் அதற்குள் இன்னொன்று வைக்கும்போது வழி இன்னும் குறுகும். 30 வயதில் டிஷ்யூ போடுபவர் அந்த ஒரு நம்பிக்கையை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது.

ஆய்வுகள் எந்தப் பக்கம் சாய்கின்றன? கலிபோர்னியாவில் 1996 முதல் 2013 வரை வால்வு மாற்றிக்கொண்டவர்களின் கணக்கை எடுத்து 2017இல் வெளியிட்டார்கள். அயோர்டிக் 9,942 பேர், மிட்ரல் 15,503 பேர். மிட்ரலில் 70 வயது வரைக்கும், அயோர்டிக்கில் 55 வயது வரைக்கும் மெக்கானிக்கல் போட்டவர்கள் கூடுதல் நாள் வாழ்ந்தார்கள். 40 முதல் 49 வயதுக்குள் மிட்ரல் வால்வு மாற்றியவர்களில் 15 வருடத்தில் இறந்தவர்கள் டிஷ்யூவில் 44.1 சதவீதம், மெக்கானிக்கலில் 27.1 சதவீதம். சின்ன வித்தியாசம் இல்லை இது. ஆனால் பக்கவாதமும் ரத்தக்கசிவும் பொதுவாக மெக்கானிக்கல் பக்கம் அதிகம், மறு ஆபரேஷன் டிஷ்யூ பக்கம் அதிகம். அமெரிக்க வழிகாட்டுதல் 2020இல் சொன்னதும் கிட்டத்தட்ட இதுவே: அயோர்டிக்கில் 50க்குக் கீழே மெக்கானிக்கல், 65க்கு மேல் டிஷ்யூ, நடுவில் ஆளைப் பார்த்து. மிட்ரலில் எல்லைக்கோடு 65.

அந்த எண்களை அப்படியே நம் ஊர் நோயாளிக்குப் பொருத்த எனக்குத் தயக்கம் உண்டு. பக்கத்திலேயே லேப், போனில் டோஸ் சொல்ல ஆள் என்று இருக்கும் இடத்துக் கணக்கு வேறு, டெஸ்ட்டுக்கே அரைநாள் பஸ்ஸில் போகிற இடத்துக் கணக்கு வேறு.

"இப்பல்லாம் புது மாத்திரை வந்திருக்காமே, ரத்த டெஸ்ட்டே வேண்டாமாமே" என்றும் அந்த அண்ணன் கேட்டார். எல்லோரும் கேட்பதுதான். மெக்கானிக்கல் வால்வுக்கு அவை கூடாது என்பதில் துளி சந்தேகமும் வேண்டாம். அந்தப் புது மாத்திரைகளில் ஒன்றான டபிகட்ரானை 252 பேரிடம் சோதித்தார்கள். பக்கவாதம் வார்ஃபரின் பக்கம் யாருக்கும் வரவில்லை, டபிகட்ரான் பக்கம் 5 சதவீதம் பேருக்கு வந்தது, ரத்தக்கசிவும் கூடவே அதிகம். பாதியில் நிறுத்தி 2013இல் வெளியிட்டார்கள். கட்டி பிடிக்கும் ஆபத்து குறைவு என்று கருதப்படும் ஆன்-எக்ஸ் என்ற மெக்கானிக்கல் அயோர்டிக் வால்வில், இன்னொரு புது மாத்திரையான அபிக்ஸபானை 863 பேரிடம் முயன்றார்கள். அதையும் 2022இல் நிறுத்த வேண்டி வந்தது, கட்டி பிடிப்பது அதிகமாக இருந்ததால். என் எந்திரத்தை வைத்து யோசித்தால் இதன் காரணம் ஓரளவு பிடிபடுகிறது. அந்நியப் பரப்பு ரத்தத்தைப் பல படிகளில் தூண்டிவிடுகிறது. வார்ஃபரின் கல்லீரலில் நான்கு உறைபொருட்களை ஒரே நேரத்தில் குறைக்கிறது. புது மாத்திரைகள் ஒரே ஒரு படியைத்தான் அடைக்கின்றன.

டிஷ்யூ மிட்ரல் வால்வோடு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனும் இருப்பவர்களுக்கு நிலைமை நல்லது. பிரேசிலில் 1,005 பேரிடம் ரிவரோக்ஸபான் என்ற புது மாத்திரை வார்ஃபரினுக்குக் குறையாமல் வேலை செய்தது என்று 2020இல் காட்டினார்கள். அப்புறம் 2022இல் வந்த ஒன்றுதான் நம்மைப் போன்ற நாடுகளுக்கு முக்கியம். ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா என்று 24 நாடுகளில், ருமாட்டிக் நோயோடு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருந்த நாலாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களிடம் ரிவரோக்ஸபானையும் பழைய மாத்திரையையும் ஒப்பிட்டார்கள். மெக்கானிக்கல் வால்வுக்காரர்கள் அதில் இல்லை. பழைய மாத்திரையில் இருந்தவர்களிடையே இறப்பு குறைவு. யாரும் எதிர்பார்க்காதது. ஆய்வில் சேர்ந்தபோது ஐ.என்.ஆர். சரியான அளவில் இருந்தவர்கள் மூன்றில் ஒரு பங்குதான். கண்காணிப்பில் வந்த பிறகு அது பாதிக்கும் மேலே ஏறியது. மாதாமாதம் ஒருவர் கூப்பிட்டு விசாரிப்பதற்கும் இந்த முடிவில் பங்கு இருக்கும் என்பது என் ஊகம். ஊகம்தான், நிரூபணம் இல்லை.

கோவிட் காலம் இந்த விஷயத்தை இன்னும் பச்சையாகக் காட்டியது. 2020 மார்ச் 25இல் ஊரடங்கு வந்ததும் பஸ் நின்றது, ஐ.என்.ஆரும் நின்றது. மே மாதம் எனக்குத் தெரிந்த வால்வு நோயாளி ஒருவர் போன் செய்தார். இரண்டு மாதமாக டெஸ்ட் இல்லை, ஒரு வாரமாகக் காய்ச்சல், சாப்பாடு இறங்கவில்லை, கடையில் வாங்கிய ஆன்டிபயாட்டிக் ஓடுகிறது, பல் தேய்த்தால் ரத்தம். எப்படியோ வண்டி பிடித்து வந்தார். ஐ.என்.ஆர். 7க்கு மேல். சாப்பாடு குறைந்ததும் ஆன்டிபயாட்டிக்கும் சேர்ந்து செய்த வேலை அது. பிழைத்துக்கொண்டார்.      

இனி என் மனசில் இருப்பதைச் சொல்கிறேன். 68 வயதுப் பெரியவர், அயோர்டிக் வால்வு என்றால் டிஷ்யூதான். அங்கே நான் யோசிக்கவே மாட்டேன். 40 வயது ஆண், மாத்திரையை ஒழுங்காகப் போடுபவர், லேப் எட்டும் தூரத்தில் இருக்கிறது என்றால் மெக்கானிக்கல். மது விடாதவர், மாத்திரையை நினைத்தால் போட்டு நினைத்தால் விடுபவர் என்றால் வயது குறைவாக இருந்தாலும் டிஷ்யூ போட்டு மறு ஆபரேஷனுக்குத் தயாராவது மேல். நின்றுபோன வால்வு அந்த அவகாசத்தைத் தராது. இதயத்திலிருந்து நுரையீரலுக்கு ரத்தம் போகும் வாசலில் இருக்கும் நோயாளியின் சொந்த வால்வை எடுத்து அயோர்டிக் இடத்தில் வைக்கும் ராஸ் முறை நல்ல கைகளில் இளைஞர்களுக்கு அருமையாக உழைக்கிறது. ருமாட்டிக் நோய் இருக்கும் இளம் வயதில் அந்த மாற்று வால்வையும் நோய் பிடிக்கக்கூடும் என்பதால் நம் நோயாளிகள் பலருக்கு அது பொருந்தாது.

குழந்தை பெற நினைக்கும் பெண்ணுக்குத்தான் எதுவும் எளிதில்லை. வார்ஃபரின் முதல் மூன்று மாதத்தில் சிசுவைப் பாதிக்கலாம், நாளுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் தேவைப்பட்டால் ஆபத்து கூடுதல். ஹெப்பாரின் நஞ்சுக்கொடியைத் தாண்டாது, சிசுவுக்கு நல்லது, ஆனால் தாயின் வால்வில் கட்டி பிடிக்கும் வாய்ப்பு அதிகம். பல நாட்டுப் பதிவேடு ஒன்றில், பெரிய சிக்கல் எதுவும் இல்லாமல் உயிருள்ள குழந்தையைப் பெற்றவர்கள் மெக்கானிக்கல் வால்வோடு 58 சதவீதம், டிஷ்யூவோடு 79 சதவீதம். மறு ஆபரேஷன் நிச்சயம் என்று தெரிந்தே டிஷ்யூ கேட்கும் இளம் பெண்ணை நான் தடுக்க மாட்டேன். அவரிடம் மட்டும் தனியாக ஒருமுறை கேட்க வேண்டும் என்பேன். மாமியாரும் கணவரும் சுற்றி நிற்கும்போது அவர் சொல்வது அவருடைய பதிலாக இருக்காது.

இந்தத் தங்கைக்குக் குடும்பம் நிறைவாகிவிட்டது. இ.சி.ஜி.யில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வேறு இருந்தது. எந்த வால்வு போட்டாலும் மாத்திரை உண்டு, டிஷ்யூ போட்டால் 50 வயதுக்குள் மறுபடி ஒரு ஆபரேஷனும் உண்டு. நான் அண்ணனிடம் சொன்னேன்: "என் தங்கச்சியா இருந்தா மெக்கானிக்கல்தான் சொல்வேன். ஆனா அதுக்கு முன்னாடி உங்க ஊர்ல ஐ.என்.ஆர். எங்க பார்ப்பாங்க, அன்னைக்கே ரிப்போர்ட் தருவாங்களா, ரிப்போர்ட்டைப் பார்த்து டோஸ் சொல்ல யாரு இருக்காங்கன்னு விசாரிச்சுட்டு வாங்க." ஆபரேஷன் செலவு காப்பீட்டில் போய்விடலாம். மாதாமாத பஸ் கூலியும் போகும் நாளின் சம்பளமும் எந்தத் திட்டத்திலும் வராது.

அவர் வராண்டாவிலேயே நின்று போன் போட்டார். முதல் லேபில் ஐ.என்.ஆர். இல்லை. இரண்டாவதில் வெளியூருக்கு அனுப்பி மூன்று நாளில் தருவார்களாம். தாலுகா ஆஸ்பத்திரிக்கு எதிரே இருக்கும் மூன்றாவதில் செவ்வாயும் வெள்ளியும் காலையில் ரத்தம் எடுத்துச் சாயங்காலம் ரிப்போர்ட்.

மறுநாள் காலை ஏழரைக்கு தியேட்டர் வாசலில் டிராலியில் படுத்திருந்த தங்கையிடம் பேரையும் வயதையும் சரிபார்த்தேன். கையெழுத்துப் போட்ட தாளில் மெக்கானிக்கல் என்று இருந்தது. புரிந்துதான் போட்டீர்களா அம்மா என்று கேட்டேன்.

"அண்ணன் எல்லாம் சொல்லிச்சு சார். மில்லுல எனக்குச் செவ்வாய்க்கிழமைதான் லீவு" என்றார்.